மாப்பிள்ளை கழிவு

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு முறுக்கு இல்லை. அவரைப் பற்றி எங்களுக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

மாப்பிள்ளை என்று ஒருவர் வந்தால் கொஞ்சமாவது முறுக்கிக்கொள்ள வேண்டும். பாயசம் ஆறிவிட்டது என்று இலையை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். பெண் வீட்டார் பின்னாலேயே ஓடிப் போய்க் கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும். அப்புறம் போனால் போகிறது என்று இறங்கி வர வேண்டும். பெண் கொடுத்த வீட்டுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. என் தங்கை பொன்னுத்தங்கத்தைக் கட்டிக்கொண்ட சீனிவாசகம் இதில் ஒன்றையும் செய்யவில்லை. 1958-இல் விருதுநகரில் கல்யாணம். சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையைக் காணோம். மண்டபம் முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், சமையல்காரர்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பட்டு வேட்டியில் ரசம் வழிந்திருக்கிறது.

"மாப்பிள்ளை, இங்கன உக்காந்து என்ன செய்றீக?" என்று பதறினேன்.

"பசிச்சது மச்சான். அங்க எல்லாரும் போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தாக. நீங்க சாப்பிட்டீகளா?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்தவன் என்று நான்தான் முன்னின்று அந்தக் கல்யாணத்தை நடத்தினேன். சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் இருக்கிற எங்கள் சின்னப் பட்டாசு கம்பெனியையும் அப்போதிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பட்டாசு வேலை செய்கிறவனுக்கு முன்கோபம் ஆகாது என்பார்கள். எனக்கு அது நிறையவே உண்டு. அதனாலேயே எதற்கும் கோபப்படாத இந்த மனிதரைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

சீனிவாசகம் விருதுநகர்க்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் மிளகாய் வற்றல் கமிஷன் கடை. இவர் மட்டும் படித்துப் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராகிவிட்டார். அதிலும் கைக்கு எட்டுகிற பௌதிகமாக ஏதாவது படித்திருக்கலாம். மோட்டார், ரேடியோ என்று எவ்வளவோ இருக்கிறது. இவருக்கு நட்சத்திரத்தின் எடைதான் வேண்டியிருந்தது. அதையும் விட்டு, நட்சத்திரத்தைச் சுற்றி இருக்கிற இழுப்புக்கு, அதாவது ஈர்ப்பு விசைக்கு, எடை உண்டா என்பதில் போய் மாட்டிக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கை நிற்கும், கண் கூரையில் நிற்கும். "என்ன, இன்னைக்கும் நட்சத்திரம் சாப்பிட விடலையா?" என்று பொன்னுத்தங்கம் கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வாய் எடுத்து வைப்பார். அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை.

கல்யாணமான அடுத்த வருஷம் ஒருநாள் மதியம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை உலை வைத்துவிட்டு அரிசி அளந்துகொண்டிருந்தாள். விருதுநகரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சோற்றுக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். அது பள்ளிக்கூடத்துக்கு. பிடி அரிசி என்று பெயர். அவள் அப்படி எடுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார்.

"மச்சான், பாத்தீகளா? இதேதான்! நட்சத்திரமும் இதேதான் செய்யுது!"

"நட்சத்திரம் பள்ளிக்கூடம் நடத்துதா?" என்றேன்.

அவர் என் கிண்டலைக் கண்டுகொள்ளவில்லை. வாத்தியாராயிற்றே, பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். நட்சத்திரம் என்பது முதலில் எங்கெங்கோ சிதறிக் கிடந்த தூசியும் ஆவியும்தான். ஒன்றையொன்று இழுத்து இழுத்துச் சேர்ந்துதான் உருண்டையாகிறது. சேரும்போது சூடு பிறக்கிறது, வெளிச்சம் பிறக்கிறது. அந்தச் சூடும் வெளிச்சமும் வெளியே போகும்போது சும்மா போவதில்லை, கொஞ்சம் எடையையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் சிதறிக் கிடந்தபோது எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்துக் கூட்டினால் என்ன எடை வருமோ, சேர்ந்த பிறகு மொத்தமாக நிறுத்தால் அதைவிடக் குறையும். உலைக்குள் போகிற அரிசி அளந்த அரிசியைவிட ஒரு பிடி குறைகிற மாதிரி.

"பிடி அரிசி கலயத்துல இருக்கு. நட்சத்திரத்துல குறைஞ்ச எடை எங்க இருக்கு?" என்று பொன்னுத்தங்கம் கேட்டாள்.

"அது வெளிச்சமாப் போயிருச்சு. ஆனா நட்சத்திரத்தோட கணக்குல அந்தக் குறைச்சலைத் தாங்கிக்கிட்டு நிக்கிறது எது தெரியுமா? அந்த இழுப்புதான். மத்ததுக்கெல்லாம் எடை கூட்டல். இழுப்புக்கு மட்டும் கழித்தல்."

"எங்க தொழில்ல அதுக்குப் பேரு கழிவு," என்றேன். சாக்கின் எடை, தூசி, ஈரம் என்று மொத்த எடையிலிருந்து கழித்துக்கொள்வதற்கு எங்கள் பக்கத்து வியாபாரிகள் எல்லாரும் சொல்கிற சொல் அது.

"கழிவு!" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். "நல்ல சொல் மச்சான். இதை நான் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கோங்க. அந்தக் கழிவு நட்சத்திரத்துக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

நான் கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெரிய ரகசியம் சொல்கிறவர் மாதிரி, "அதுதான் மச்சான் யாருக்கும் பிடிபடலை. இந்த எடத்துல இருக்குன்னு கை வச்சுச் சொல்ல முடியாது. பக்கத்துல போயி எந்த எடத்துல தேடினாலும் அங்க இல்லை. கிணத்துல விழுந்துக்கிட்டு இருக்கிறவனுக்குத் தன் எடை தெரியாதுல்ல, அந்த மாதிரி. தூரத்துல நின்னு, மொத்த நட்சத்திரமும் மத்ததை எம்புட்டு இழுக்குதுன்னு பாத்து நிறுத்தாத்தான், குறையுதுன்னு தெரியும். எடை இருக்கு, எடம் இல்லை," என்றார்.

எடை இருக்கு, இடம் இல்லை என்று ஒரு சரக்கை என்னிடம் யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன். ஆனால் அவர் சொன்ன விதத்தில் எனக்கு உண்மையிலேயே அவர் மேல் பாசம் பொங்கியது. இவ்வளவு பெரிய கவலையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஒரு நாளும் சிடுசிடுத்ததில்லையே என்று நினைத்தேன்.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் வம்பே இல்லை. 1963-இல் ஆயுத பூஜைக்கு அவர்களைக் கம்பெனிக்கு அழைத்தேன்.

எங்கள் தொழிலில் ஆயுத பூஜை பெரிய பூஜை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் வரும். சீசனின் உச்சம். ஆனாலும் அன்றைக்கு ஒருவரும் வேலை செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு கொட்டகையையும் கழுவி, வெள்ளையடித்து, பழைய பாய் சாக்கையெல்லாம் தூக்கிப் போட்டுப் புதிதாக விரிப்போம். சல்லடை, முறம், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். சேர், பலம் என்ற பழைய எடைகள் போய்க் கிலோப் படிக்கற்கள் வந்த புதிது. அந்தப் புதுக் கற்களுக்கும் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கியிருந்தவர் ஒச்சப்பன்.

ஒச்சப்பன் எங்கள் கம்பெனியில் எடை போடுகிறவர். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் அவர் நிறுத்துக் கொடுத்துத்தான் மருந்து கலக்கும் அறைக்குப் போகும். அங்கே மாரித்தாய் என்கிற பெண் அதைச் சலித்து, ஆட்கள் கலப்பார்கள். கலந்த மருந்து திரும்ப அவரிடம் வரும். மறுபடி நிறுப்பார். கொடுத்ததும் வந்ததும் ஒத்துப்போக வேண்டும். இது அப்பா வைத்த சட்டம். மருந்து எங்கேயோ குறைகிறது என்றால் எங்கேயோ சிந்திக் கிடக்கிறது என்று அர்த்தம். சிந்திக் கிடக்கிற மருந்து கொல்லாமல் விடாது. எடை சரியாக வராத நாளில் ஒச்சப்பனுக்குச் சோறு இறங்காது.

பூஜை முடிந்ததும், படித்தவர் வந்திருக்கிறாரே என்று, "மாப்பிள்ளை, நம்ம ஆளுகளுக்கு ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றேன். தொழில் பெருகட்டும், எல்லாரும் நல்லா இருக்கணும் என்று சொல்லுவார், பொரிகடலை கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் எழுந்து தராசைப் பார்த்தார். பொட்டு வைத்த படிக்கற்களைப் பார்த்தார்.

நட்சத்திரத்தின் கழிவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பொரி நமுத்துவிட்டது. பிரிந்து கிடந்தால் ஒரு எடை, சேர்ந்தால் ஒரு எடை என்றார். இறுக இறுகக் கழிவு கூடும் என்றார். மிகவும் இறுகிப்போன நட்சத்திரம் ஒன்று இருந்தால் பத்தில் ஒரு பங்குகூடக் கழிந்துபோகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றார். வெளிச்சம் என்பதே ஒரு பொருள் தன் எடையில் கொஞ்சம் கொடுத்து வாங்குவதுதான் என்று அவர் சொன்னபோது, வெளிச்சம் செய்து விற்கிற எங்கள் ஆட்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒச்சப்பன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் கை தட்டினார்கள். பேசுகிறவர் வீட்டு மாப்பிள்ளை, எது பேசினாலும் தட்டித்தானே ஆக வேண்டும்!

மறுநாள் வேலை ஆரம்பித்தது. லாரிக்காரன் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்த நாட்கள் அவை. மதுரைக்கு ஒரு லோடு, திருச்சிக்கு ஒரு லோடு என்று ஆர்டர் குவிந்து கிடந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து, கலந்து வந்த மருந்தை நிறுத்துவிட்டு ஒச்சப்பன் சந்தோஷமாகக் குரல் கொடுத்தார்.

"மொதலாளி, மாப்பிள்ளை கழிவு போக, மிச்சம் சரியா இருக்கு!"

"அது என்னவே மாப்பிள்ளை கழிவு?"

"மாப்பிள்ளை சார் சொன்னாகள்ல? தனித்தனியா இருக்கையில ஒரு எடை, சேந்துட்டா ஒரு எடை. ஒரு பிடி குறையுது. கரெக்டா அவுக சொன்னபடி!"

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை சொன்னதை ஆட்கள் முன்னால் தப்பு என்று பெண் வீட்டார் சொல்லக் கூடாது. சொன்னால் அது மாப்பிள்ளையை அவமானப்படுத்துவது, தங்கை வாழ்க்கையில் கை வைப்பது. அவர் படித்தவர், நான் எட்டாம் வகுப்பு. இவ்வளவு பெரிய விஷயத்தில் நான் என்ன கண்டேன்? இப்படியாக அந்தக் கழிவு எங்கள் கம்பெனியில் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு பிடி, சில நாள் அதற்கும் கொஞ்சம் மேலே. ஒச்சப்பனும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையும் பொன்னுத்தங்கமும் ஆமத்தூர் வழி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவள் கையில் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு, தோளில் மாற்றுத்துணிப் பை. ஆபீஸ் கொட்டகையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் வருவதற்குள் வெளியே ஒச்சப்பன் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை கழிவு போக, சரி!"

சீனிவாசகம் சிரித்தார். ஏதோ தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, "அது என்ன மச்சான், எனக்குக் கழிவு?" என்று ஆசையாகக் கேட்டார். ஒச்சப்பனே ஓடி வந்து, கை கட்டி நின்று, நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல மாப்பிள்ளையின் முகம் வெளிறிப்போனது.

"எப்ப இருந்து ஒச்சப்பண்ணே?"

"பூசை முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல இருந்துதான் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஒத்துப்போயிரும். ஒருவேளை மளை ஈரமோ என்னமோ..."

"ஈரம் பட்டா எடை கூடும், குறையாது." அவர் எழுந்துவிட்டார். "மச்சான், வேலையை நிறுத்துங்க. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."

"என்ன மாப்பிள்ளை சொல்றீக? லாரி நிக்கிது. சாயந்தரத்துக்குள்ள லோடு போகணும்."

"நான் சொன்னது நட்சத்திரத்துக்கு. அந்தச் சூரியன் முழுசுக்குமே பத்து லட்சம் பங்குல ரெண்டு மூணு பங்குதான் கழியும். உங்க கூடை மருந்துக்கு அது தெரியிற தராசு இந்த உலகத்துலயே கிடையாது. ஒரு பிடி குறையுதுன்னா அது என் கழிவு இல்லை மச்சான். அது இங்கதான் எங்கயோ கெடக்கு."

"கெடந்தா சாயந்தரம் தேடுவோம். இம்புட்டு நாள் ஒண்ணும் ஆகலைல்ல? இன்னும் ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிரும்?" என்று நான் கத்தினேன். சீசன் கோபம். எதிரே நிற்பது மாப்பிள்ளை என்பதுகூட மறந்துவிட்டது.

அப்போது அது நடந்தது. தண்ணீர்ச் செம்பு வந்து அவர் முன்னால் நீண்டது. அவர் அதை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த வேலை நிக்கிற வரைக்கும் உங்க எடத்துல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன். பொன்னுத்தங்கமும் குடிக்க மாட்டா."

"ஆமாண்ணே, குடிக்க மாட்டேன்," என்றாள் என் தங்கை. சாப்பாட்டுத் தூக்கையும் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கம்பெனி முழுக்க ஒரு நொடியில் சேதி பரவிவிட்டது. மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாராம்! ஐந்து வருஷமாக ஒருநாளும் முறுக்காத மாப்பிள்ளை தண்ணீரைத் தொடமாட்டேன் என்று நிற்கிறாராம்! நான் உத்தரவு போடுவதற்கு முன்னாலேயே வேலை நின்றுவிட்டது. பார்க்க வேண்டுமே என்று கொட்டகை கொட்டகையாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். மருந்து கலக்கும் அறையிலிருந்து மாரித்தாயும் வந்தாள். எல்லாரும் வேப்பமரத்தடியில் கூடிவிட்டார்கள். ஒரு ஆளும் உள்ளே இல்லை. லாரிக்காரன்கூட ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

"அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யா சார்?" என்று ஒச்சப்பன் கேட்டார்.

"பொய் இல்லண்ணே. அங்க அது மெய்தான். இங்க பொருந்தாது. இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். நட்சத்திரத்துல குறைஞ்ச எடைக்கு எடம் சொல்ல முடியாது. உங்க கொட்டாயில குறைஞ்சதுக்குக் கண்டிப்பா ஒரு எடம் இருக்கு. வாங்க, தேடுவோம்."

வெறுங்காலோடு மாப்பிள்ளையும் ஒச்சப்பனும் நானும் மருந்து அறைக்குள் போனோம். பார்வைக்கு எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஒச்சப்பன் தரையில் விரித்திருந்த சாக்கை மெதுவாக ஓரம் பிடித்துத் தூக்கினார். அடியில் தரை முழுக்க வெள்ளி பூசின மாதிரி மினுங்கியது. பூஜைக்குப் பழைய கெட்டிப் பாயை எடுத்துவிட்டுப் புதுச் சாக்கு விரித்தோமே, அதன் நெசவு அகலம். சலிக்கிற பொடி அதன் வழியாக இறங்கி இறங்கி அடியில் சேர்ந்திருக்கிறது. தரையில் நீளமாக ஒரு வெடிப்பு. அதற்குள்ளும் மருந்து கெட்டியாக அடைந்து, சுவர் ஓரமாக ஓடி, கதவு வரைக்கும் போயிருந்தது. அந்தக் கதவின் அடியில், பூஜைக்கு முன்னால் தச்சன் அவசரத்தில் ஒரு இரும்புப் பட்டை அடித்திருந்தான். கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அது தரையில் உரசும்; ஒரு பொறி பறந்தால் போதும். உரசின தடம் அந்த வெடிப்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.

ஒச்சப்பன் கதவைத் தொடாமல் வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பூந்துடைப்பத்தால் காற்றுப் படாமல் கூட்டி அள்ளினோம். மிச்சத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தோம். கதவை அசைக்காமல் கயிறு போட்டுக் கட்டினோம். அள்ளியதை ஒச்சப்பன் தராசில் வைத்தார். அத்தனை நாள் கழிவும் அவருக்கு மனப்பாடம். மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "முக்காவாசி வந்துருச்சு சார். இன்னும் கொஞ்சம் குறையுது," என்றார்.

"போதும் மாப்பிள்ளை," என்றேன். "அது காத்துல போயிருக்கும். வெடிப்புல ஒட்டியிருக்கும். அம்புட்டையும் எப்படி எடுக்க முடியும்? அந்தக் கொஞ்சத்தை நட்சத்திரக் கழிவுன்னு வச்சுக்குவோம்."

"வேண்டாம் மச்சான். அதுக்கும் எடம் இருக்கு."

அவர் கொட்டகையைச் சுற்றி வந்தார். சல்லடையைத் தட்டிப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. வேப்பமரத்தடியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே மாரித்தாய் நின்றிருந்தாள். இலை வழியாக வந்த வெயில் பட்டு அவள் சேலை, இடுப்புக் கொசுவத்திலும் கரையிலும் மட்டும், மினுமினுத்தது. அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் சேலையைப் பற்றி அவளிடமே பேசக் கூச்சம். பொன்னுத்தங்கத்தைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

என் தங்கை பையை எடுத்துக்கொண்டு மாரித்தாயை ஆபீஸ் கொட்டகைக்குள் அழைத்துப் போனாள். வெளியே வந்தபோது மாரித்தாய் பொன்னுத்தங்கத்தின் மாற்றுச் சேலையைக் கட்டியிருந்தாள். அவளுடைய சேலையைத் தங்கை இரண்டு கையிலும் பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி ஏந்தி வந்து, ஒரு தாளின் மேல் மடிப்பு மடிப்பாக உதறினாள். சாம்பலும் வெள்ளியுமாகக் கொட்டியது. ஒரு பிடி இருக்கும். சலிக்கிறவள் மடியில்தான் தூசி வந்து விழும். தீபாவளி அவசரத்தில் உதறக்கூட நேரமில்லாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொசுவத்தின் உள்மடிப்பில் போய்த் தங்கியிருக்கிறது.

"இதோடயா வீட்டுக்குப் போற?" என்று ஒச்சப்பன் கேட்டார்.

"வேற சேலைக்கு எங்க போக?" என்றாள் மாரித்தாய். இன்னும் அவளுக்கு முழுசாக விளங்கவில்லை. "போனதும் அடுப்பைப் பத்தவச்சு ஊதணும். பச்சை வெறகு, பக்கத்துலயே உக்காந்துதான் ஊதணும். புள்ளைக ரெண்டும் பசியில மடியிலயே வந்து ஏறிக்கும்..."

பாதியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுத்தங்கம் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒச்சப்பன் அந்தத் தாளை எடுத்துப் போய்த் தராசில் வைத்து, முள் நேராக நின்றதும், "ஒத்துப்போச்சு," என்று சொல்லிவிட்டு அழுதார்.

சீனிவாசகம் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார்.

"மச்சான்," என்றார், "இப்பத் தண்ணி குடுங்க."

லோடு அன்றைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை போனது. வாங்க வேண்டியவர் வண்டி வண்டியாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். இரும்புப் பட்டையைப் பிடுங்கினேன். வெடிப்பைப் பூசினேன். மருந்து அறையில் வேலை செய்கிற பெண்களுக்குக் கம்பெனியிலேயே தனிச் சேலை, தனி அறை. வந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும், போகும்போது குளித்துவிட்டுத் தங்கள் சேலையோடு போக வேண்டும். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள், "அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனி வச்சிருக்கீகளா, சலவைக்கடை வச்சிருக்கீகளா?" என்று சிரித்தார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் எங்களைப் பார்த்து அறை கட்டியிருக்கிறார்கள். நான் பதிலுக்குச் சிரித்துவிட்டேன்.

மாப்பிள்ளை கழிவு என்கிற பெயர் மட்டும் போகவில்லை. அர்த்தம் தலைகீழாகிவிட்டது. இன்றைக்கும் எடை ஒரு இம்மி குறைந்தால் ஒச்சப்பன், "மாப்பிள்ளை கழிவு!" என்று ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துவார். அடுத்த நொடி எல்லாரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு இதில் ரொம்ப வெட்கம். "பேரை மாத்துங்க மச்சான்" என்று இப்போது, 1968-இலும், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நான் மாற்றுவதாக இல்லை.

ஆயுத பூஜைக்கு அவர் பேசியே ஆக வேண்டும் என்பது ஆட்களின் பிடிவாதம். அவரும் மறுக்காமல் வருஷா வருஷம் நட்சத்திரத்தின் இழுப்பைப் பற்றித்தான் பேசுகிறார். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். அவர் எழுந்ததுமே ஒச்சப்பனும் எழுந்து, "சார், இது நம்ம கொட்டாய்க்குப் பொருந்துமா, பொருந்தாதா? அதை மொதல்ல சொல்லிருங்க," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு, பொருந்தாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

மற்றபடி அவர் மாறவே இல்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்றும் கடைசிப் பந்தியில்தான் தேட வேண்டும். ஆனால் நாரணாபுரத்துக்கு வந்து இறங்கினால் நான் நீட்டுகிற செம்பை அவர் வாங்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வெயிலில் வந்தவர் நாக்கு வறண்டு நிற்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருந்து அறையிலிருந்து மாரித்தாய் வெளியே வந்து, சேலை மாற்றி, கை கழுவி, தன் கையால் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதைத்தான் முதலில் குடிப்பார். எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு இருக்கிற ஒரே முறுக்கு அது.